கேபிள விட வைஃபைல வேகமா காப்பி ஆகுது, இது எப்படிங்க?

கொங்குப்பையன்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் பெரியம்மா பொண்ணு கல்யாணம், முகூர்த்தக்கால் நட்டதுல இருந்து மறுவீடு வரைக்கும் நான்தான் போன்ல வீடியோ. போட்டோகிராபர் தனியா இருந்தாருங்க, ஆனா சித்தப்பாவும் மாமாவும் பந்தியில மொறச்சிக்கிட்டதெல்லாம் அவரு எடுக்க மாட்டாருல்ல. எல்லாத்தையும் 4கே 60ல எடுத்து வச்சிட்டேன், இப்ப 140 ஜிபி நிக்குது, போன் மெமரி ஃபுல்லு, வாட்ஸ்அப் கூட தொறக்க மாட்டேங்குது.

லேப்டாப்புக்கு மாத்தலாம்னு பெட்டியில வந்த டைப்-சி கேபிள போட்டேன், விநாடிக்கு 36 எம்பி காட்டுது. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்ங்குது, அது கூட பரவால்ல, பாதி போறப்ப நின்னுடுது. கேபிள் தான் டூப்ளிகேட்டா இருக்கும்னு கடைக்கு போய் கேட்டேன், 240 வாட், சூப்பர் ஃபாஸ்ட், இதுக்கு மேல கேபிளே கிடையாதுன்னு சொல்லி 900 ரூவா வாங்கிட்டாரு. வந்து போட்டா அதே 36. ஒரு எம்பி கூட ஏறல.

ஆபீஸ்ல ஒரு பையன், கேபிள் இல்லாம வைஃபைலயே அனுப்புற குயிக் ஷேர்ல அனுப்பி பாருங்கண்ணான்னான். சும்மா ஒரு 5 ஜிபி அனுப்பினா 58 எம்பில போகுது! கம்பி இல்லாம காத்துல போறது வேகமாவும் கம்பில போறது மெதுவாவும் இருக்குமுங்களா? இன்னொன்னு, இதே டைப்-சில ஒரு எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் போட்டு மானிட்டர்ல காட்டலாம்னு பாத்தா கருப்பா நிக்குது, ஒண்ணுமே வரல. போன் போச்சுங்களா, போர்ட் போச்சுங்களா? போன் வாங்கி ஏழு மாசம்தான் ஆச்சு.

பழையவயர்மேன்:
தம்பி, போனும் போகல போர்ட்டும் போகல. உங்க 900 ரூவா மட்டும்தான் போச்சு.

டைப்-சிங்கறது ஓட்டையோட வடிவம், அவ்ளோதான். 2014ல அந்த வடிவத்த வெளியிட்டாங்க, உள்ள 24 பின் இருக்கு, எந்தப் பக்கம் திருப்பி சொருகினாலும் வேலை செய்யும். ஆனா அந்த 24 பின்னுக்கும் பின்னாடி கம்பி இழுக்கணும்னு கட்டாயம் இல்ல. சார்ஜ் போக ரெண்டு கம்பி, டேட்டா போக ரெண்டு கம்பி, இது மட்டும் இருந்தாலும் டைப்-சி தான். அந்த ரெண்டு டேட்டா கம்பில ஓடுறது யுஎஸ்பி 2.0, அது 2000ல வந்தது. விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட்டு, அதனால எட்டால வகுத்தா 60 எம்பி, ஆனா அது காகிதத்துல, போற வழியில ஆகுற செலவெல்லாம் கழிச்சா கையில கிடைக்கறது 35ல இருந்து 40 வரைக்கும். உங்க 36 கணக்கா வந்திருக்கு பாருங்க, கேபிள் ரெண்டுமே அதோட வேலைய ஒழுங்கா செஞ்சிருக்கு.

240 வாட்ங்கறது கரண்டு பத்தின கணக்கு. 2021ல யுஎஸ்பி பவர் டெலிவரி 3.1 வந்தப்ப 48 வோல்ட், 5 ஆம்பியர் வரைக்கும் கூட்டினாங்க, அதான் அந்த 240. அதுக்கு கேபிளோட முனையில ஒரு சின்ன சிப் வச்சிருப்பாங்க, இந்த கேபிள் இவ்ளோ கரண்ட தாங்கும்னு அது சார்ஜர்கிட்ட சொல்லும். டேட்டா வேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பெரிய லேப்டாப்பையே சார்ஜ் ஏத்துற கேபிள் டேட்டாவுல ஆமையா இருக்கும், ரொம்ப சகஜம். கடைக்காரர் பொய் சொன்னாருன்னு நான் சொல்ல மாட்டேன், பாதி பேருக்கு இது தெரியாது.

காத்து எப்படி வேகமா போகுதுன்னா, வைஃபை 5ல ரெண்டு ஆன்டெனா இருக்கற சாதாரண போனே 866 மெகாபிட்ல பேசும், வைஃபை 6னா 1200. பாதி செலவுல போனாலும் 55, 60 எம்பி வந்துடும். 2000ல போட்ட ரோட்டையும் நேத்து போட்ட ரோட்டையும் பக்கத்துல வச்சு ஓட்டி பாத்திருக்கீங்க.

உங்க போனோட விவரப் பக்கத்துல யுஎஸ்பின்னு ஒரு வரி இருக்கும், அங்க 2.0ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. போட்டிருந்தா எந்த கேபிள் வாங்கினாலும் 36 தான்.

நெல்லைச்சீமை:
விவரப் பக்கம்னு சொல்லிட்டீங்க, அங்கயாவது புரியற மாதிரி எழுதியிருக்கானா? 2008ல யுஎஸ்பி 3.0ன்னு வந்துச்சு, 5 ஜிகாபிட். அப்புறம் அதே சாமானுக்கு 3.1 ஜென் 1ன்னு பேரு மாத்தினாங்க. அப்புறம் 3.2 ஜென் 1ன்னு மாத்தினாங்க. சாமான் ஒண்ணுதான்! ரேஷன் கார்டுல ஒரு பேரு, டிசில ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேருன்னு அலையுறோம்லா, அத மாதிரி. இதுல 3.2ன்னு பெட்டியில பெருசா போட்டு 5 ஜிகாபிட்ட தலையில கட்டுறாவ, 20 ஜிகாபிட்டும் 3.2 தான். அப்புறம் யுஎஸ்பி4, அதுல 40, அதுக்கு ரெண்டாவது பதிப்பு, அதுல 80. நம்பர பாக்காதீய, ஜிகாபிட் எவ்ளோன்னு மட்டும் பாருங்க.

ஐரோப்பால சட்டம் போட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேன், அப்புறமும் ஏன் இந்த கூத்து?

பழையவயர்மேன்:
சட்டம் வந்தது உண்மைதான், 2024 டிசம்பர் 28ல இருந்து அங்க புதுசா விக்குற போனுக்கெல்லாம் டைப்-சி கட்டாயம், லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28. ஆனா அது சார்ஜர் பத்தின சட்டம், வீட்டுல நாலு சார்ஜர் குப்பையா கிடக்கக் கூடாதுங்கறது அவங்க கவலை. டேட்டா இவ்ளோ வேகத்துல போகணும்னு அதுல சொல்லல.

ஆப்பிள் 2012ல இருந்து வச்சிருந்த லைட்னிங்ங்கற போர்ட்ட விட்டுட்டு 2023ல ஐபோன் 15ல டைப்-சிக்கு வந்தாங்கல்ல, அதுல சாதா 15 யுஎஸ்பி 2 தான், ப்ரோ மாடல் 10 ஜிகாபிட். அந்த ப்ரோ பெட்டியில வர்ற கேபிள் கூட யுஎஸ்பி 2 கேபிள், வேகம் வேணும்னா தனியா வாங்கணும். அத்தன காசு குடுத்து வாங்குறவங்களுக்கே அந்த கதின்னா மத்தவங்கள கேக்கணுமா.

மாறவர்மன்77:
இது சுத்த ஏமாத்து வேலை சார். கேமராவுல மட்டும் 4கே, 8கே, 200 மெகாபிக்சல்னு போடுறான், எடுத்தத வெளிய எடுக்கற வாசல் மட்டும் 26 வருசத்துக்கு முந்தினது. கல்யாண மண்டபம் பெருசா கட்டிட்டு வாசல்படி ஒத்தக் கதவு வச்ச மாதிரி. என்ன பத்து ரூவா மிச்சம் ஆகப்போகுது?

பழையவயர்மேன்:
கோவம் நியாயம்தான், ஆனா காசு மட்டும் காரணம் இல்ல. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும், இன்டெலே 2012ல அத பத்தி எழுதி வெளியிட்டாங்க. வீட்டுல செஞ்சு பாருங்க, லேப்டாப்ல யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க சொருகி பக்கத்து போர்ட்ல வயர்லெஸ் மவுஸ் ரிசீவர வைங்க, காப்பி ஓடும்போது மவுஸ் தத்தித் தத்திப் போகும். போனுக்குள்ள அந்த போர்ட்டுக்கு ஒட்டினாப்ல ஆன்டெனா இருக்கும், அதுக்கெல்லாம் தடுப்பு வச்சு டிசைன் பண்ணணும். வெல கூடின போன்ல பண்ணுறாங்க, நடுத்தர வெலையில விட்டுடறாங்க. இப்ப கேபிள் போட்டு காப்பி பண்ணுற ஆளு எத்தன பேரு, நம்மள மாதிரி கிறுக்கனுங்க தான்.

மானிட்டர் விசயம் மறந்துட்டேன். எச்டிஎம்ஐ கன்வர்ட்டருக்கு படம் போறது யுஎஸ்பி 3க்குன்னு தனியா இழுக்கற வேகமான கம்பிங்க வழியாத்தான். டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடுன்னு பேரு, யுஎஸ்பிக்கு வச்ச கம்பியவே படத்துக்கு கடன் வாங்கிக்கும். உங்க போன்ல அந்த கம்பியே இழுக்கலன்னா படம் எங்க இருந்து வரும். சாம்சங் 2017ல எஸ்8ல டெக்ஸ்னு ஆரம்பிச்சாங்களே, போன மானிட்டர்ல போட்டா கம்ப்யூட்டர் மாதிரி விண்டோ விண்டோவா தொறக்குமே, அது இந்த வழியிலதான். 2025ல கூகுளும் அதே அடிப்படையில ஆண்ட்ராய்டுக்கே டெஸ்க்டாப் மோடு கொண்டு வர்றோம்னு சொன்னாங்க, ஆனா சாப்ட்வேர் எவ்ளோ வந்தாலும் போர்ட்ல கம்பி வேணும்ல. நீங்க டிவியில காட்டணும்னா வைஃபைல ஸ்கிரீன் காஸ்ட் பண்ணிக்கோங்க.

கொங்குப்பையன்:
பாத்தேனுங்க அண்ணா. யுஎஸ்பி 2.0ன்னு தான் போட்டிருக்கு, அதுவும் அடியில பொடி எழுத்துல. சரி அது விதி. பாதில நின்னுடுதுன்னு சொன்னனே, அதுக்கு வழி சொல்லுங்க யாராச்சும். நாலு தடவ ஆச்சு, எது காப்பி ஆச்சு எது ஆகலன்னு வேற தெரியல.

யாழ்ப்பாணத்தான்:
தம்பி அது எம்டிபி எண்ட முறையால வாற பிரச்சினை. முந்தி போனை கம்ப்யூட்டரில குத்தினா பென்டிரைவ் மாதிரி வரும், ஞாபகம் இருக்கோ? அப்ப மெமரி கார்ட்டை போன் முழுசா கம்ப்யூட்டரிட்ட குடுத்திடும், அது கழட்டுற வரைக்கும் போனுக்கு தன்ரை பாட்டு, படம் ஒண்டும் தெரியாது. ஆண்ட்ராய்ட் 3.0 வந்த 2011 காலத்தில அதை விட்டுட்டு எம்டிபிக்கு மாறினவை. இப்ப மெமரி போனிட்டயே இருக்கும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஃபைலா போனிட்ட கேட்டுத்தான் எடுக்கோணும், ஒரு நேரத்தில ஒரு வேலைதான். ஃபோல்டர் திறக்கேக்க அந்த பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போகுமே, அது அதுதான். என்ரை கேமரா ஃபோல்டரில 11 ஆயிரம் படம், திறந்து வைச்சிட்டு தேத்தண்ணி குடிச்சிட்டு வரலாம். நடுவில அறுந்தா விட்ட இடத்தில இருந்து தொடரவும் மாட்டாது.

நான் செய்யிறது என்னெண்டா, ஹப் ஒண்டும் இல்லாமல் நேர லேப்டாப்பில குத்துங்கோ, போனை அன்லாக் பண்ணி ஸ்கிரீன் அணையாமல் வையுங்கோ, 10 ஜிபி 15 ஜிபியா பிரிச்சு எடுங்கோ. எடுத்த துண்டை உடன அழிக்காதேங்கோ, லேப்டாப்பில ரெண்டு மூண்டு வீடியோவை கடைசி வரைக்கும் ஓடவிட்டு பாத்திட்டு அழியுங்கோ. கட் பண்ணி பேஸ்ட் பண்ணவே வேண்டாம், நான் அப்பிடி செய்து மகளின்ரை முதல் பிறந்தநாள் படத்தில பாதியை துலைச்சனான், இண்டைக்கும் மனிசி சொல்லிக் காட்டும்.

ஐபோன் வைச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு, விண்டோஸுக்கு எடுக்கேக்க அறுந்தா, செட்டிங்ஸில போட்டோஸ் பக்கத்தில மேக் இல்லாட்டி பிசிக்கு மாற்றுறது எண்டு கீழ இருக்கும், அதில ஒரிஜினலை அப்பிடியே வைச்சிரு எண்டதை தெரிவு செய்யுங்கோ. இல்லாட்டி போன் போற வழியில ஒவ்வொண்டையும் ஜேபெக்கா மாத்திக்கொண்டிருக்கும், அதிலதான் மூச்சு முட்டுறது.

நான் இப்ப வைஃபையால ஃபைல் அனுப்புற லோக்கல்சென்ட் எண்ட ஆப் தான் பாவிக்கிறன், இலவசம், ஆண்ட்ராய்ட், ஐபோன், விண்டோஸ், லினக்ஸ் எல்லாத்திலயும் இருக்கு. ஆனா உங்களுக்கு வந்த 58 எனக்கு வரேல்லை, 25 தான் வருது, ஏனெண்டு விளங்கேல்லை.

டெல்டாகாரி:
அண்ணா, நீங்க போனையும் லேப்டாப்பையும் ஒரே ரௌட்டர்ல வைஃபைல போட்டிருப்பீங்க. அப்ப டேட்டா போன்ல இருந்து ரௌட்டருக்கு ஒரு தடவ, ரௌட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு ஒரு தடவன்னு அதே சேனல்ல ரெண்டு தடவ காத்துல போகுது, ஒருத்தர் பேசுறப்ப இன்னொருத்தர் வாய மூடணும், அதனால பாதியாயிடும். லேப்டாப்ப மட்டும் லேன் கேபிள்ல ரௌட்டரோட கோத்துட்டு அனுப்பி பாருங்க, ஏறும். கேபிள் இல்லன்னா லேப்டாப்லயே ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணி போன அதுல கோத்துடுங்க. குயிக் ஷேர்ல தம்பிக்கு 58 வந்தது, அது நேரடியா ஆளுக்கு ஆள் வைஃபை டைரக்ட்ல கோத்துக்கிட்டதாலதான் இருக்கும், நடுவுல ரௌட்டர் இல்ல. எதுல போனாலும் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, 2.4ல விழுந்துட்டா அழுகைதான் வரும்.

குயிக் ஷேர் பத்தி ஒரு தகவல், முன்னாடி கூகுளோடது நியர்பை ஷேர்னு தனி, சாம்சங்கோடது குயிக் ஷேர்னு தனி. 2024 ஜனவரில ரெண்டையும் ஒண்ணாக்கி குயிக் ஷேர்ங்கற பேர வச்சாங்க, விண்டோஸுக்கும் ஆப் இருக்கு. 2025 நவம்பர்ல இன்னும் ஒரு படி போய், கூகுளோட பிக்சல் 10 போன்ல இருந்து ஐபோனோட ஏர்ட்ராப்புக்கே நேரா அனுப்பலாம்னு கொண்டு வந்துட்டாங்க, ஐபோன்காரங்க பத்து நிமிசம் எல்லாருக்கும்னு தொறந்து வைக்கணும் அவ்ளோதான். எங்க வீட்டுல நான் ஆண்ட்ராய்டு அக்கா ஐபோன், இத்தன நாள் ஒரு போட்டோ அனுப்ப வாட்ஸ்அப்ல டாக்குமென்டா போட்டுக்கிட்டு இருந்தோம். எல்லா போனுக்கும் வந்தா அந்த அவதி தீரும்.

ஓய்வுபெற்றவாத்தியார்:
பிள்ளைகளா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் குயிக் ஷேரில் 140 ஜிபி அனுப்பினால் நெட் பேக் தீர்ந்துவிடாதா? எனக்குத் தினம் 2 ஜிபி பேக்தான். பேரன் அனுப்பு தாத்தா என்கிறான், நான் பயந்துகொண்டு ப்ளூடூத்தில் அனுப்புகிறேன். ஒரு வீடியோ போய்ச் சேருவதற்குள் நான் மார்க்கெட் போய் வந்துவிடுகிறேன்.

டெல்டாகாரி:
ஐயா, ஒரு எம்பி கூட தீராது. உங்க போனும் பேரன் போனும் நேரா பேசிக்குது, ஜியோ ஏர்டெல் டவர் பக்கமே போகாது, சிம்ம கழட்டி வச்சிட்டு கூட அனுப்பலாம். ஒரே ஒண்ணு, பக்கத்துல இருந்து அனுப்புறப்ப மட்டும்தான் இப்படி. பேரன் வேற ஊர்ல இருந்தா அது நெட்ல போற கணக்கு, அப்ப பேக் தீரும். ப்ளூடூத்துல நல்லா ஓடினாலே ரெண்டு மூணு மெகாபிட் தான், அதுல வீடியோ அனுப்புறது பொறுமைக்கு பரீட்சை.

மாறவர்மன்77:
எனக்கும் ஒரு சந்தேகம், போன லேப்டாப்ல விடாம எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டிய நேரா போன்லயே சொருகினா? ஓடிஜின்னு பென்டிரைவ போன்ல சொருகுவோமே, அது மாதிரி.

பழையவயர்மேன்:
பண்ணலாம், எம்டிபி தலைவலி இருக்காது, நடுவுல அறாது. ஆனா வாசல் அதே ஒத்தக் கதவு, 36 தான் வரும். ராத்திரி சொருகி வச்சிட்டு தூங்குற ஆளுக்கு அதுவே நல்ல வழி. லேப்டாப்ல பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கறவங்க இன்னொண்ணு கவனிங்க, 10 ஜிகாபிட் போன், 10 ஜிகாபிட் கேபிள்னு வாங்கிட்டு கடைசில போய் விழுறது அந்த டிஸ்க்லன்னா அது விநாடிக்கு 100, 150 எம்பிக்கு மேல எழுதாது. எங்க அடைக்குதோ அந்த இடத்துக்கு தான் செலவு பண்ணணும்.

கேபிள் வாங்குறப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் டேட்டா கேபிள்னு மட்டும் கேட்டா சார்ஜ் மட்டுமே ஏத்துற கேபிளா இல்லாம ஏதோ ஒண்ணு வரும், அவ்ளோதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். 10 ஜிகாபிட்னு கேபிள் மேலயே அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. நல்லதுன்னா கொஞ்சம் தடிமனா, நீளம் கம்மியா இருக்கும். ரெண்டு மீட்டர் நீளத்துல மெல்லிசா நூல் மாதிரி இருந்தா பெரும்பாலும் யுஎஸ்பி 2.

கொங்குப்பையன்:
வேலை முடிஞ்சதுங்க! டெல்டா அக்கா சொன்ன மாதிரி 5 கிகாஹெர்ட்ஸ் பாத்துக்கிட்டு குயிக் ஷேர்ல பத்து பத்து ஜிபியா அனுப்பினேன், ஒவ்வொண்ணும் மூணு நிமிசத்துக்குள்ள போயிருச்சு, நடுவுல கரண்டு போய் வந்தது வேற கதை, லேப்டாப் பேட்டரில ஓடினதால தப்பிச்சேன். யாழ்ப்பாணத்து அண்ணா சொன்னாருன்னு எதையும் அழிக்காம வச்சு, ஒவ்வொரு வீடியோவா கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்துட்டு தான் போன்ல அழிச்சேன். பந்தி சண்டை பத்திரமா இருக்கு. 900 ரூவா கேபிள கடையில திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டாரு, லேப்டாப் சார்ஜுக்கு வச்சிக்கிட்டேன், அதுக்கு நல்லாத்தான் இருக்கு.

இப்ப புது பிரச்சினை. பெரியம்மா டிவியில பாக்கணும், பென்டிரைவ்ல போட்டுக் குடு சாமின்னாங்க. எல்லாம் ஏறுது, தாலி கட்டுற வீடியோ மட்டும் ஏற மாட்டேங்குது, இடம் இருக்கு ஆனா ஃபைல் பெருசுங்குது. 12 நிமிசம் நிறுத்தாம எடுத்தது அது.

நெல்லைச்சீமை:
பென்டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபார்மட்ல இருக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல நிக்காது. 4கே 60ன்னா நிமிசத்துக்கு 400 எம்பி வச்சாலும் பத்து நிமிசத்துல 4 ஜிபி ஆயிடுதுல்லா. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மட் பண்ணி திரும்ப ஏத்துங்க. ஆனா முதல்ல பெரியம்மா வீட்டு டிவி எக்ஸ்ஃபேட்ட படிக்குமான்னு ஒரு சின்ன வீடியோ போட்டு பாத்துக்கிடுங்க, பழைய டிவி சிலது படிக்காது.

கொங்குப்பையன்:
படிக்கலீங்க. இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். முகூர்த்தத்த ரெண்டா வெட்டி போடப்போறேன், எந்த இடத்துல வெட்டறதுன்னு பெரியம்மாகிட்டயே கேட்டுக்கறேன், நானா வெட்டினா அடுத்த பந்தி சண்டை எனக்குத்தான்.